ஒரே தீவில் மட்டும் வாழும் தவளை: அங்கேயே விடுவதா, வேறு தீவுக்கும் கொண்டுபோவதா?

ஈசூன்_அம்மா
எல்லாருக்கும் வணக்கம். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் ஒரு வாதப் போட்டி. ஓர் உயிரினம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மிஞ்சியிருந்தால், மனிதர்கள் அதைப் பிடித்து வேறு இடத்தில் கொண்டுபோய் விடலாமா, கூடாதா? இதுதான் தலைப்பு. அவன் "விடலாம்" அணி. எடுத்துக்காட்டாக நியூசிலாந்தின் ஹாமில்டன் தவளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஸ்டீவன்ஸ் தீவு என்ற குட்டித் தீவில் வாழ்கிறதாம். சாப்பாட்டு மேசையில் அவனோடு எதிர்வாதம் பண்ண எனக்குக் கொஞ்சம் விஷயம் வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேக்கா_டீ
தவளை என்றதும் எனக்கு நம் சிங்கப்பூர்க் கேலாங் வட்டாரத்தின் தவளைக் கஞ்சிதான் நினைவுக்கு வருகிறது. மன்னிக்கவும், அடுத்தவர் தொடரலாம்.

காட்டுவழி
கஞ்சியில் போடுவது பண்ணையில் வளர்க்கும் அமெரிக்கக் காளைத் தவளை. ஒன்றே கை நிறைய இருக்கும். ஹாமில்டன் தவளை ஐந்து சென்டிமீட்டர்கூட எட்டுவது அரிது, பழுப்பு நிறம். கஞ்சிக்கு ஆகாது.

அக்கா, உங்கள் மகன் நல்ல எடுத்துக்காட்டைத்தான் பிடித்திருக்கிறான். ஸ்டீவன்ஸ் தீவு நியூசிலாந்தின் வடதீவுக்கும் தென்தீவுக்கும் நடுவிலுள்ள குக் நீரிணையில் இருக்கிறது. மாவோரி மக்கள் அதை டாக்காபோரேவா என்பார்கள். மொத்தமே சுமார் 150 ஹெக்டர், அதாவது 1.5 சதுர கிலோமீட்டர். ஆனால் தவளை தீவு முழுவதும் இல்லை. உச்சிக்கு அருகே பாறைத் துண்டுகள் குவிந்து கிடக்கும் ஒரு சரிவு உண்டு. சுமார் 600 சதுர மீட்டர். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீடுகள் ஆறேழைச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான். அந்தத் தீவின் தவளைகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. எண்ணிக்கை 300-க்கும் குறைவு என்றுதான் கணக்கிட்டார்கள்.

ஏன் அங்கே மட்டும் என்றால், தீவில் 1894-இல் கலங்கரை விளக்கம் வந்தது. விளக்கைப் பராமரித்தவர்கள் ஆடு மாடு மேய்க்கக் காட்டை வெட்டினார்கள். நிழலும் ஈரமும் போனது. பாறைக் குவியலின் இடுக்குகளில் மட்டும் ஈரம் தங்கியது. இத்தனைக்கும் அறிவியலுக்கு அந்தத் தவளை தெரியவந்ததே அதற்கு அப்புறம்தான். 1919-இல்தான் அதை விவரித்துப் பெயர் வைத்தார்கள்.

பூச்சி_டீச்சர்
மாணவன் வாதத்துக்குப் போவதற்கு முன் இந்தத் தவளை எவ்வளவு விசித்திரமானது என்று தெரிந்துகொண்டு போகட்டும். "எத்தனையோ தவளை இருக்கிறது, ஒன்று போனால் என்ன?" என்று எதிரணி நிச்சயம் கேட்கும்.

லியோபெல்மா என்ற பேரினத்தைச் சேர்ந்தது இது. இன்று உயிரோடிருக்கும் தவளைகளில் மிகப் பழைய கிளைகளில் ஒன்று. இதற்கு நெருங்கிய உறவு என்றால் வட அமெரிக்காவின் வால் தவளைகள்தான், அந்த உறவும் டைனசோர் காலத்திலேயே பிரிந்துபோனது. வயது வந்தபின் வால் இல்லை, ஆனால் வாலை ஆட்டும் தசை உள்ளே இன்னும் இருக்கிறது. வெளியே செவிப்பறை கிடையாது. தொண்டைப் பை கிடையாது, அதனால் ஆண் தவளை கத்திப் பெண்ணைக் கூப்பிடுவதும் கிடையாது. நாக்கை வீசிப் பூச்சி பிடிக்கத் தெரியாது, நேரே போய் வாயால் கவ்வும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் தாவல். மற்ற தவளைகள் முன்காலை நீட்டி அழகாக இறங்கும், இந்தக் குடும்பம் தொப்பென்று வயிற்றில்தான் விழும்.

தலைப்பிரட்டை நீந்தும் கட்டமும் இல்லை. ஈரமான கல்லுக்கடியில் கொஞ்சம் முட்டை இடும். அப்பா தவளை அங்கேயே உட்கார்ந்து காக்கும். குஞ்சுகள் வாலோடு வெளியே வந்து அப்பாவின் முதுகில் ஏறிக்கொள்ளும். மாட் தீவில் இதே வகைத் தவளைகளைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். அவற்றில் சில 35 வயதைத் தாண்டியிருக்கின்றன. நம் வீட்டுப் பூனையைவிட இருமடங்கு ஆயுள்!

தேக்கா_டீ
கத்தவே கத்தாத தவளையா? அப்படியானால் "நுணலும் தன் வாயால் கெடும்" என்பது இதற்குப் பொருந்தாது.

பூச்சி_டீச்சர்
பிடித்தால் லேசாகக் கீச்சிடும். மற்றபடி வாயால் கெடவில்லை, எலியால் கெட்டது.

கணக்குப்புலி
எல்லாம் சரி. ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. காட்டை வெட்டினார்கள், விளக்கு வைத்தார்கள், மாடு மேய்த்தார்கள், அதையெல்லாம் தாண்டி அந்தத் தவளை அதே பாறைக் குவியலில் நூறு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறது. அப்புறம் எதற்கு மனிதன் போய்க் கிளற வேண்டும்? நன்றாக இருப்பதைத் தொடாதே என்பது என் கட்சி. உங்கள் மகனுக்கு எதிரணி வேண்டுமென்றால் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெல்லிங்டன்வாசி
வேலை நிமித்தமாக வெல்லிங்டனில் சில வருடம் இருந்தேன், இப்போது பொங்கோலில். கணக்குப்புலி அண்ணா, அதே ஸ்டீவன்ஸ் தீவிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது. அங்கே ஒரு சின்னக் குருவி இருந்தது, லையல் ரென் என்பார்கள். பறக்கத் தெரியாத குருவி. கலங்கரை விளக்கம் வந்த கொஞ்ச காலத்திலேயே, விளக்குக் காவலரின் பூனை ஒன்று மொத்த இனத்தையும் தின்று தீர்த்தது. தவளை தப்பித்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை நாள் விடுவது?

பூச்சி_டீச்சர்
ஒரு திருத்தம். ஒரே பூனை ஓர் இனத்தையே அழித்தது என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மை அதுவல்ல. தீவில் பூனைகள் பெருகிக் காட்டுப் பூனைகளாகத் திரிந்தன, எல்லாம் சேர்ந்துதான் அழித்தன. 1925 வாக்கில்தான் பூனைகளை முழுமையாக ஒழித்தார்கள். அந்தக் குருவியும் முதலில் அந்தத் தீவுக்கு மட்டும் உரியது அல்ல. பெருந்தீவுகளில் அதன் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. மகன் மேடையில் ஒற்றைப் பூனைக் கதையைச் சொன்னால், படித்த நடுவர் யாராவது இருந்தால் மதிப்பெண் போகும்.

வெல்லிங்டன்வாசி
சரி டீச்சர், பூனைகள் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் வாதம் பலவீனமாகிவிடவில்லையே.

போகிற போக்கில் ஒன்று. அந்த ஊர் டே பாபா அருங்காட்சியகத்தில் தமிழ் எழுத்துப் பொறித்த ஒரு கப்பல் மணி இருக்கிறது. வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் பார்த்தபோது மாவோரி மக்கள் அதைக் கவிழ்த்துப் பானையாக வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்களாம். "முகையதீன் வக்குசு" என்று கப்பல்காரர் பெயர்கூட அதில்...

நெறியாளர்
மணிக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே மூன்று இருக்கின்றன. இங்கே தவளை.

காட்டுவழி
டீச்சர் குருவியின் எலும்பைப் பற்றிச் சொன்னாரே, வாதமே அங்கேதான் இருக்கிறது. கணக்குப்புலி சொல்வதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: பாறைக் குவியல்தான் அந்தத் தவளையின் சொந்த ஊர் என்பது. அது சொந்த ஊர் இல்லை. ஹாமில்டன் தவளையின் பழைய எலும்புகள் நியூசிலாந்தின் வடதீவுக் குகைகளிலும் தென்தீவின் வடபகுதியிலும் கிடைத்திருக்கின்றன. ஒரு காலத்தில் பெருநிலத்துக் காடுகளில் பரவி வாழ்ந்தது. சுமார் 13-ஆம் நூற்றாண்டில் மாவோரி மக்களின் படகுகளோடு பசிபிக் எலி வந்தது, பின்னர் ஐரோப்பியர்களின் கப்பல்களில் மற்ற எலிகளும் மரநாய் வகைகளும் வந்தன. இரவில் தரையில் மெதுவாக நகரும் தவளைக்கு மோப்பத்தால் வேட்டையாடும் பிராணியைச் சமாளிக்கத் தெரியாது. அசையாமல் உட்கார்ந்துகொள்வதுதான் அதன் தற்காப்பு. அது பறவைகளிடம் பலிக்கும், எலியிடம் பலிக்காது. லியோபெல்மாவில் மூன்று இனங்கள் முழுமையாகவே அழிந்துபோயின.

ஸ்டீவன்ஸ் தீவுக்கு எலி போய்ச் சேரவில்லை. அதனால் மட்டும்தான் தவளை அங்கே மிஞ்சியது. "அங்கே மட்டும் வாழ்கிறது" என்பதும் "அங்கே மட்டும் சாகாமல் இருக்கிறது" என்பதும் ஒன்றல்ல. ஆகவே வேறு தீவில் கொண்டுபோய் விடுவது இயற்கையில் கைவைப்பது ஆகாது, துரத்தப்பட்டவரைப் பழைய பேட்டைக்குப் பக்கத்திலாவது குடிவைப்பது.

கணக்குப்புலி
இது நல்ல பாயிண்ட், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாற்றிப் பார்த்திருக்கிறார்களா? பலித்ததா? கையில் இருப்பதே 300-க்குள். அதிலிருந்து எடுத்துப் பரிசோதனை செய்து, எடுத்தவை செத்துப்போனால்?

காட்டுவழி
செய்து பார்த்தார்கள், முதலில் ரொம்பத் தயங்கித் தயங்கி. 1992-இல் அதே தீவில், பழைய குவியலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குழி வெட்டிப் பாறைத் துண்டுகளால் நிரப்பி, புது இடம் ஒன்றைச் செயற்கையாக உருவாக்கினார்கள். அதில் 12 தவளைகளை விட்டார்கள்.

நடந்தது என்ன தெரியுமா? சில தவளைகள் பழைய இடத்துக்கே திரும்பி நடந்துவிட்டன.

தேக்கா_டீ
வீவக புது வீடு கொடுத்தும் தாத்தா பழைய புளோக்கின் காப்பிக்கடைக்கே போய் உட்காருகிற மாதிரி.

கணக்குப்புலி
பார்த்தீர்களா! தவளையே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாதப் போட்டியில் இதை எதிரணி எடுத்தால் உங்கள் மகன் கதை முடிந்தது.

பூச்சி_டீச்சர்
முடியாது. ஒரு தவளை தன் வாழ்நாள் முழுவதும் சில மீட்டர் சுற்றளவுக்குள்ளேயே நடமாடும். அந்த இடம் அதற்கு அத்துப்படி. பக்கத்திலேயே விட்டதால்தான் வழி தெரிந்தது. அதிலிருந்து கற்க வேண்டிய பாடம், மாற்றினால் நடந்து திரும்ப முடியாத தூரத்துக்கு மாற்று என்பதே. அடுத்து அதைத்தான் செய்தார்கள். 2000-களின் நடுவில் நுக்குவையாட்டா என்ற எலியில்லாத தீவுக்குக் கடல் கடந்து கொண்டுபோனார்கள்.

இன்னொரு சிக்கலையும் யாரும் சொல்லவில்லை. அது டுவாட்டாரா. பார்க்கப் பல்லி, ஆனால் பல்லி அல்ல, தனி வம்சம், அதுவும் உலகத்தில் நியூசிலாந்தில் மட்டும்தான். ஸ்டீவன்ஸ் தீவில்தான் அது மிக அதிகம், பல பத்தாயிரம். இரவில் வளையை விட்டு வெளியே வந்து கிடைப்பதைத் தின்னும். தவளையையும் தின்னும். இரண்டுமே அரசாங்கம் பொத்திப் பொத்திப் பாதுகாக்கும் பிராணிகள். ஒன்று இன்னொன்றின் இரவுச் சாப்பாடு! டுவாட்டாராவை அடிக்கவா முடியும்? கடைசியில் டுவாட்டாரா உள்ளே வராதபடி தவளைப் பகுதிக்கு வேலி கட்டினார்கள்.

இதிலும் வரலாறு இருக்கிறது. காடு அடர்ந்திருந்தபோது இரண்டும் ஒரே தீவில் வாழ்ந்தவைதான். காடு போனபின் தவளைக்குப் பதுங்க ஒரே ஒரு குவியல்தான் மிச்சம். ஒரே இடத்தில் சாப்பாடு கிடைக்கிறது என்றால் தின்கிறவன் அங்கேதானே வருவான்?

ஈசூன்_அம்மா
அடேயப்பா. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை, மகனுக்கும் படித்துக் காட்டினேன். அவனுக்கு ஒரு சந்தேகம். டீச்சர் மாட் தீவு என்று ஒன்றைச் சொன்னீர்களே. அங்கேயும் இதே தவளை இருந்தால், "ஒரே தீவு" என்பதே தப்பாகிவிடாதா?

பூச்சி_டீச்சர்
பையன் கெட்டிக்காரன். மாட் தீவும் அந்தப் பக்கம்தான், மார்ல்பரோ கடற்கால்களில் இருக்கிறது. அங்கேயும் மிஞ்சிய ஒரு காட்டுத் துண்டில் தவளை இருந்தது. 1998-இல் அதைத் தனி இனம் என்று பிரித்து லியோபெல்மா பாக்கேக்கா என்று பெயரிட்டார்கள். பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் வேறுபாடு அவ்வளவு இல்லை என்றன. அதனால் பலர் இப்போது இரண்டையும் ஒரே இனமாகவே கொள்கிறார்கள்.

மேடையில் எப்படிச் சொல்வது? "மனிதர்கள் நகர்த்தத் தொடங்குவதற்கு முன் இரண்டே தீவுகளில் மிஞ்சியிருந்தது" என்று சொன்னால் யாரும் மடக்க முடியாது. மாட் தீவுத் தவளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அதனால் அங்கே துணிந்து செய்தார்கள். 1997-இல் 300 தவளைகளை மோட்டுவாரா தீவுக்கு மாற்றினார்கள். அவை அங்கே நிலைத்து இனப்பெருக்கமும் செய்தன. கணக்குப்புலி கேட்ட "பலித்ததா" என்பதற்கு இதுதான் பதில்.

வெல்லிங்டன்வாசி
2006-இல் வெல்லிங்டன் நகருக்குள்ளேயே கொண்டுவந்தார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸீலாண்டியா என்று ஒரு பள்ளத்தாக்கு, பழைய நீர்த்தேக்கப் பகுதி. எலி, பூனை, மரநாய் எதுவும் ஏற முடியாத வேலியைச் சுற்றிலும் போட்டிருக்கிறார்கள். அப்படியும் சுண்டெலியை முழுக்கத் தடுக்க முடியவில்லை. அதனால் தவளைகளைச் சன்னமான வலைக் கூண்டுகளில் வைத்தார்கள். 2008-இல் ஓர் ஆண் தவளையின் முதுகில் குஞ்சுகளைப் பார்த்தபோது ஊர்ப் பத்திரிகையெல்லாம் கொண்டாடியது. இரவு நடைக்கு நான் போனபோது வழிகாட்டி சிவப்பு விளக்கடித்துக் காட்டினார். கல்லோடு கல்லாக இருந்தது. எனக்குத் தெரிவதற்குள் பக்கத்திலிருந்த சின்னப் பெண் பார்த்துவிட்டாள்.

காட்டுவழி
நான் இங்கே காட்டு நடைகளில் தொண்டூழியம் செய்கிறவன், அதனால் நம் ஊருக்கு வருகிறேன். சிங்கப்பூரில் மட்டுமே வாழும் தவளை இனம் கிடையாது. மழை விட்டதும் சாக்கடைக்குள்ளிருந்து எருமை மாதிரிக் கத்துகிறதே, பக்கவாட்டில் பழுப்புப் பட்டை போட்ட குண்டுத் தவளை, அது தென்கிழக்காசியாவில் பரவலாக உண்டு. ஆனால் சிங்கப்பூரில் மட்டுமே வாழும் நன்னீர் நண்டுகள் மூன்று இனம் இருக்கின்றன. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதில் ஒன்று ஜொகோரா சிங்கப்பூரென்சிஸ். 1986-இல் பேராசிரியர் பீட்டர் இங் விவரித்தது. மூன்று சென்டிமீட்டர் அகலம்கூட வராத நண்டு. புக்கிட் தீமா, புக்கிட் பாத்தோக் பக்கத்துக் குன்றோடைகளில் கல்லுக்கடியில் இருக்கும். உலகிலேயே மிக அதிக ஆபத்திலுள்ள 100 உயிரினங்கள் என்று 2012-இல் ஒரு பட்டியல் வந்தது, அதில் இதுவும் உண்டு. புக்கிட் தீமாவில் முதலில் கண்டெடுத்த ஓடையிலேயே பிற்பாடு காணாமல் போனது. ஓடை நீரில் அமிலத்தன்மை கூடியது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இன்னொன்று நீ சூன் சதுப்புநிலக் காட்டில் மட்டும்தான் வாழ்கிறது. ஈசூன் அக்கா, உங்கள் வீட்டிலிருந்து ரொம்ப தூரமில்லை!

இப்போது உங்கள் மகனின் வாதத்தை இந்த நண்டிடம் வைத்துப் பாருங்கள். ஜொகூரில் சுத்தமான ஓடைகள் இருக்கின்றனவே, அங்கே கொண்டுபோய் விட்டால் என்ன? கூடாது என்பேன். அந்தப் பக்கம் ஜொகோராவின் வேறு இனங்கள் இருக்கின்றன. நம் நண்டு அங்கே அந்நியன். தவளைக்கு எலும்புச் சாட்சி இருந்தது, இதற்கு அப்படிச் சாட்சி எதுவும் இல்லை. அதனால்தான் தேசியப் பூங்காக் கழகமும் பல்கலைக்கழகத்தாரும் மண்டாய் விலங்குத் தோட்டக்காரர்களும் சேர்ந்து, இங்கேயே தொட்டியில் இனப்பெருக்கம் செய்வித்து, இந்தத் தீவின் ஓடைகளிலேயே விடும் வேலையைச் செய்கிறார்கள். "எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம்" என்று பேசினால் வாதம் ஓட்டையாகிவிடும். முன்பு வாழ்ந்த இடமா, அல்லது வாழ்ந்திருக்கக்கூடிய இடமா என்று பார்க்க வேண்டும்.

கணக்குப்புலி
அப்படியானால் விசாக தினத்தில் சிலர் புண்ணியம் என்று கடையில் வாங்கிய தவளையையும் ஆமையையும் நீர்த்தேக்கத்தில் விடுகிறார்களே, அதுவும் இடமாற்றம்தானே? அதை மட்டும் ஏன் தடுக்கிறார்கள்?

காட்டுவழி
நீங்களே பதிலுக்குக் கிட்டே வந்துவிட்டீர்கள். அது அதே கஞ்சித் தவளை, அமெரிக்காவிலிருந்து வந்த வகை. பண்ணையில் தீனி போட்டு வளர்ந்தது. காட்டில் விட்டால் பெரும்பாலும் செத்துப்போகும். சாகாமல் பிழைத்தால் இங்குள்ள சின்னத் தவளைகளைத் தின்னும். அதைவிட மோசம், கைட்ரிட் என்ற பூஞ்சை நோயைத் தன் உடம்பில் நோயின் அறிகுறியே இல்லாமல் சுமக்கக்கூடியது காளைத் தவளை. உலகெங்கும் பல தவளை இனங்களை அந்தப் பூஞ்சை துடைத்துப்போட்டிருக்கிறது. நியூசிலாந்திலேயே ஹாமில்டன் தவளையின் உறவான ஆர்ச்சி தவளை, கோரமண்டல் பகுதியில் 1990-களின் பிற்பாதியில் பயங்கரமாகக் குறைந்தது. பூஞ்சைதான் காரணம் என்று சந்தேகிக்கிறார்கள்.

பூச்சி_டீச்சர்
மகனின் அணிக்கு இதுவே பலமான வாதம். நோய் ஒரு தீவுக்குள் வந்தால், மொத்த இனமும் அந்த ஒரே தீவில் இருந்தால், அதோடு முடிந்தது. தீயும் அப்படித்தான், கப்பலிலிருந்து இறங்கும் ஒரு சினை எலியும் அப்படித்தான். எதிரணியின் பலமான வாதமும் அதே நோய்தான். மாற்றப்போகிறவர்களின் செருப்பிலும் பையிலும் ஒட்டிக்கொண்டே அது போய்ச் சேரலாம். இரண்டையும் அவனே சொல்லிவிட்டுத் தன் பக்கத்துக்கு வரட்டும்.

ஈசூன்_அம்மா
அவன் கேட்கிறான்: எத்தனை தவளையை எடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? குறைவாக எடுத்தால் புது இடத்தில் நிலைக்காது, அதிகம் எடுத்தால் பழைய இடம் காலியாகும் இல்லையா?

காட்டுவழி
அதுதான் உண்மையான தலைவலி. முதல் தடவை 12 என்றதற்குக் காரணமே பயம்தான். ஆனால் கொஞ்சத்தை மட்டும் விட்டால் அண்ணன் தங்கைகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடக்கும், ஆண் பெண் விகிதமும் தவறலாம். இந்தத் தவளை நிதானமாகத்தான் பெருகும், வளர்ந்து முட்டையிடவே சில வருடம் ஆகும். போதாததற்கு, வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதே கஷ்டம். அதனால் ஒவ்வொரு தவளையின் தோல் கோலத்தையும் படமெடுத்து அடையாளம் வைத்துக்கொண்டு, வருடாவருடம் இரவில் போய்த் தேடி, பழைய இடத்தில் எத்தனை, புது இடத்தில் எத்தனை என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். எடுத்த இடத்தில் குறைந்தால் அடுத்த முறை எடுக்க மாட்டார்கள்.

கணக்குப்புலி
முப்பது வருடம் வாழும் பிராணியை வருடாவருடம் எண்ணுவது. செலவு யார் தலையில் என்று கேட்கலாம்தான், ஆனால் அதற்கு இன்னொரு இழை வேண்டும். நான் எதிரணியில்தான் இருக்கிறேன், ஒரு திருத்தத்தோடு: எலும்புச் சாட்சி இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள். உங்கள் மகனிடம் சொல்லுங்கள் தங்கச்சி, எதிரணி இதைப் பிடித்தால் நண்டைக் காட்டிச் சமாளிக்கச் சொல்லி.

தேக்கா_டீ
நண்டு என்றதும் எனக்கு...

நெறியாளர்
வேண்டாம்.